1.5-இல் நின்ற முள்: பாய்லர் பிரஷர் கேஜும் எக்ஸ்பான்ஷன் டேங்கும்

முதலில் கண்ணில் பட்டது ஈரம்தான். நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்தில், சுவரோரமாகத் தரைவரை இறங்கும் செம்புக் குழாயின் வாய்க்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தரை கறுத்திருந்தது. ஒரு லிட்டர் பிடிக்கும் பழைய டப்பா ஒன்றை அடியில் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். அன்று மாலை மாடி அறை சரியாகச் சூடேறவில்லை என்று நிரப்புக் குழாயைத் திறந்து சிஸ்டத்துக்குக் கொஞ்சம் தண்ணீரும் ஏற்றினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் டப்பா நிறைந்து வழிந்திருந்தது.

அந்தக் குழாய் ரிலீஃப் வால்விலிருந்து வருகிறது. பாய்லரில் சூடாகி, அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தம் 3 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொட்டால் அந்த வால்வு திறந்து தண்ணீரை வெளியே விடும். பாய்லர் வெடிக்காமல் இருப்பதற்கான கடைசிக் காவல் அது. அதிலிருந்து தண்ணீர் வந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். ஆனால் பாய்லர் முகப்பில் இருக்கும் கேஜ் 1.5 பார் என்று காட்டியது. காலையில் பார்த்தாலும் 1.5, இரவில் பார்த்தாலும் 1.5. இன்னொரு பக்கம், மாடி ரேடியேட்டரின் மேல் பாதி சில்லென்று இருந்தது. தண்ணீர் அங்கே எட்டவில்லை, அதாவது அழுத்தம் குறைவு.

ஆக, குழாய் அதிகம் என்கிறது, ரேடியேட்டர் குறைவு என்கிறது, கேஜோ எல்லாம் சரி என்கிறது. நான் ஒரு வாரம் கேஜைத்தான் நம்பினேன். எண் போட்டிருக்கிறதே! ரிலீஃப் வால்வு பழசாகிவிட்டது, சும்மா ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மாடி ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து, காலை நேரத்தில் அதன் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. காற்று வெளியேறுகிறது, நல்லது என்று ஒரு நிமிடம் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர் வரவே இல்லை. சந்தேகப்பட்டு ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைத் திருகின் வாயருகே பிடித்தேன். காகிதம் வாயோடு போய் ஒட்டிக்கொண்டது. காற்று வெளியே வரவில்லை, உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். எங்கள் பாய்லர் கேஜிலிருந்து மாடி ரேடியேட்டரின் உச்சி 6.5 மீட்டர் உயரம். கீழே 0.65 பார் இருந்தால்தான் மேலே தண்ணீர் எட்டும். அதற்கு மேல் 0.3 பாராவது கூடுதலாக இருந்தால்தான் உச்சியில் காற்றுத் திருகைத் திறக்கும்போது தண்ணீர் வெளியே தள்ளும். கீழே உண்மையாகவே 1.5 இருந்தால் மேலே 0.85 இருக்க வேண்டும். காகிதம் பறந்திருக்க வேண்டும், ஒட்டியிருக்கக் கூடாது. கேஜ் பொய் சொல்கிறது.

பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் பழகியவர்களுக்கும் இதே தர்க்கம்தான். 2.31 அடி உயரத் தண்ணீருக்கு 1 பிஎஸ்ஐ. இரண்டு மாடி வீட்டுக்கு 18 அடி என்று வைத்தால் 8 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு, மேலே 4 சேர்த்தால் 12. பல பாய்லர் கையேடுகளில் வரும் அந்த 12 இப்படி வந்ததுதான். மூன்று மாடி வீட்டில் அதே 12-ஐ வைத்துக்கொண்டு மேல்மாடி ஏன் சூடாகவில்லை என்று கேட்டால் பயனில்லை. அந்த முறையில் ரிலீஃப் வால்வு 30 பிஎஸ்ஐயில் திறக்கும்.

சரி, கேஜ். எங்களுடையது இரட்டை முகம் கொண்டது: மேலே வெப்பநிலை, கீழே அழுத்தம். வெப்பநிலை முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. நான் ஏமாந்தது அதனால்தான். ஒரே வட்டத்துக்குள் இருந்தாலும் இரண்டுக்கும் தனித்தனிப் பொறி. ஒன்று உயிரோடு இருப்பது மற்றதற்குச் சாட்சி ஆகாது. அழுத்தப் பக்கத்தில் இருப்பது போர்டன் குழாய். யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தட்டையான மெல்லிய உலோகக் குழாயை அரிவாள் போல வளைத்து ஒரு முனையை அடைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறும்போது வளைவு கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். குழாய்க்குள் நுழையும் வாய் மிகச் சிறியது. ஹீட்டிங் தண்ணீரில் கறுப்பாக மிதக்கும் இரும்புத் துரு அந்த வாயை அடைத்துவிட்டால், அடைத்த அன்றைக்கு இருந்த அழுத்தம் குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். முள் அங்கேயே நிற்கும்.

விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பாய்லரின் வடிகுழாயில் திருகி மாட்டும்படி 0 முதல் 4 பார் வரை காட்டும் தனி கேஜ் ஒன்றை வாங்கி வந்தேன். அளவு வீச்சைப் பார்த்து வாங்குங்கள். 0 முதல் 10 வரை உள்ள கேஜில் 0.4-க்கும் 0.7-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதை மாட்டி வடிகுழாயைத் திறந்ததும் முள் 0.4-இல் வந்து நின்றது. ஆறிய நிலை, காலை நேரம். பக்கத்திலேயே பழைய கேஜ், கூச்சமே இல்லாமல் 1.5.

தண்ணீர் ஏற்றி 1.0-க்குக் கொண்டுவந்தேன். நிரப்புக் குழாயைக் கழற்றியே வைத்துவிட்டேன், அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போகிறதோ என்ற கேள்வி மிஞ்சக் கூடாது என்று. பாய்லரைப் போடாமல் ஒரு பகல் முழுவதும் விட்டேன், வீட்டில் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டு. 1.0 அப்படியே இருந்தது. ஆறிய நிலையிலேயே முள் தானாக ஏறினால் நிரப்பு வால்வு கசிகிறது, அல்லது குளியல் வெந்நீரைச் சூடாக்கும் சுருளில் ஓட்டை விழுந்து குடிநீர்க் குழாயின் அழுத்தம் உள்ளே வருகிறது என்று பொருள். ஏறவில்லை என்றால் அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். சூடாகும்போது மட்டும் ஏறினால் சந்தேகம், சூட்டில் பருக்கும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் மேல்தான்.

மாலையில் பாய்லரைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். 40 டிகிரியில் 1.8. 50 டிகிரியில் 2.6. 60-ஐத் தொடும் முன்பே 3.0, குழாயில் டொக், டொக் என்று சொட்டு, அப்புறம் மெல்லிய தாரை. ரிலீஃப் வால்வு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக அதைத் திட்டியிருக்கிறேன்.

சுழற்சி இப்போது முழுதாகப் புரிந்தது. சூடாகும்போது அழுத்தம் 3-ஐத் தாண்டி ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியே போகிறது. ஆறியதும் அந்த அளவு குறைவதால் 0.4-க்கு விழுகிறது. மாடி குளிர்கிறது. நான் தண்ணீர் ஏற்றுகிறேன். மறுபடி சூடாகி அதையே வெளியே தள்ளுகிறது. போதாததற்கு, ஏற்றிய ஒவ்வொரு லிட்டர் புதுத் தண்ணீரோடும் கரைந்த ஆக்சிஜன் உள்ளே போகிறது. அது ரேடியேட்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. அந்தத் துருதான் கேஜின் வாயை அடைத்திருக்கிறது.

தண்ணீரை நசுக்க முடியாது, ஆனால் சூடானால் அது பருக்கும். 15 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 2.4 சதவீதம். எங்கள் சிஸ்டத்தில் சுமார் 120 லிட்டர் என்று போன முறை முழுதாக வடித்து நிரப்பியபோது வாளிக் கணக்கில் தெரிந்துகொண்டேன். அப்படியானால் 2.9 லிட்டர் தண்ணீருக்கு எங்காவது புது இடம் வேண்டும். மூடிய குழாய்களில் இடம் ஏது? அதற்காகத்தான் அந்தச் சிவப்பு டேங்க். எங்களுடையது 12 லிட்டர். நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் சிஸ்டத்தின் தண்ணீர், மறுபக்கம் அழுத்தி அடைத்த காற்று. தண்ணீர் பருக்கும்போது திரை காற்றுப் பக்கம் தள்ளப்படும், காற்று ஸ்பிரிங் போல அமுங்கிக் கொடுக்கும்.

எவ்வளவு அமுங்கும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான்: அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறாத எண். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கேஜில் 0 என்பது வெளிக்காற்றின் அழுத்தம், அதுவே ஏறக்குறைய 1 பார். அதனால் கணக்கில் எல்லா எண்ணோடும் 1 கூட்ட வேண்டும். டேங்கில் தண்ணீர் இல்லாதபோது காற்று 1.0 என்றால் கணக்கில் 2.0, 12 லிட்டரால் பெருக்கினால் 24. சிஸ்டத்தை 1.2-க்கு நிரப்பினால் 24-ஐ 2.2-ஆல் வகுக்க, காற்றுக்கு 10.9 லிட்டர். சூடாகி 2.9 லிட்டர் உள்ளே வந்தால் காற்றுக்கு மிஞ்சுவது 8 லிட்டர், அழுத்தம் 3.0, கேஜில் 2.0. ரிலீஃப் வால்வுக்கு இன்னும் 1 பார் தூரம் இருக்கிறது. நல்ல டேங்க் இருந்தால் நடக்க வேண்டியது இது.

அப்படியானால் டேங்கைச் சோதிக்க வேண்டும். இங்கே மறுபடியும் சறுக்கினேன். டேங்கின் அடியில் கறுப்பு மூடிக்குள் ஒரு காற்று வால்வு இருக்கும், கார் டயரில் இருக்கும் அதே வால்வு. டயர் கேஜை அதில் அழுத்தினேன். 1.0 காட்டியது. ஊசியை நகத்தால் தொட்டுப் பார்த்தேன், காற்றுதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. திரை கிழியவில்லை, காற்றும் 1.0 இருக்கிறது, டேங்க் நலம் என்று மூடியைப் போட்டுவிட்டேன்.

அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அப்போது சிஸ்டத்தின் அழுத்தமும் 1.0 தானே! நடுவில் இருப்பது மெல்லிய ரப்பர். ஒரு பக்கம் தண்ணீர் 1.0-இல் தள்ளினால் மறுபக்கக் காற்றும் 1.0-இல்தான் இருந்தாக வேண்டும், அது 12 லிட்டர் காற்றாக இருந்தாலும் சரி, ஒரு டம்ளர் காற்றாக இருந்தாலும் சரி. தண்ணீர்ப் பக்கத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் டேங்கின் காற்றை அளந்தால், சிஸ்டத்தின் அழுத்தத்தைத்தான் வேறு கதவு வழியாக அளக்கிறோம். இதைப் பல முறை படித்திருக்கிறேன். படித்தது கைக்கு வர இவ்வளவு நாள்.

சந்தேகம் தர வேறு அறிகுறியும் இருந்தது. டேங்கின் மேல் முக்கால் பங்கு வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல டேங்கில் காற்று இருக்கும் கீழ்ப் பகுதி அறையின் குளிர்ச்சியோடுதான் இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் தண்ணீர்ப் பகுதி மொத்தென்றும் காற்றுப் பகுதி கணீரென்றும் கேட்கும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. அந்தச் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை.

மறுநாள் முறையாகச் செய்தேன். மின்சாரத்தை நிறுத்தி, பாய்லர் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை மூன்று மணி நேரம் விட்டேன். எங்கள் டேங்குக்கு என்று தனி அடைப்பு வால்வு கிடையாது. ஆனால் பாய்லரிலிருந்து போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் வால்வு இருக்கிறது, டேங்க் அவற்றுக்குப் பாய்லர் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் மூடினால் வீட்டு ரேடியேட்டர்களின் தண்ணீர் அந்தப் பக்கம் நின்றுவிடும். இவற்றை மூடி வைத்துக்கொண்டு பாய்லரைத் தவறியும் போட்டுவிடக் கூடாது. சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். பிறகு வடிகுழாயில் ரப்பர் குழாய் மாட்டி வாளியில் விட்டேன். ஒன்றரை லிட்டர் போல வந்து நின்றது. அழுத்தம் பூஜ்யம்.

வடிகுழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு இப்போது டயர் கேஜை வைத்தேன். பூஜ்யம். அசைவே இல்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கால் பம்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தேன். இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: பம்பை மிதிக்க மிதிக்க, வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. டேங்குக்குள் தேங்கி, காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீர். வாளிக் கோட்டில் பார்த்தால் ஆறு லிட்டர். 12 லிட்டர் டேங்கில் பாதி. இந்தப் பாதிக் காற்றை 1.0 பாருக்கு அமுக்கினால் மூன்று லிட்டர்தான். அந்த மூன்று லிட்டர் இடத்துக்குள் பருத்த 2.9 லிட்டரை எப்படித் திணிப்பது? முந்தைய நாள் குறித்து வைத்த 1.8, 2.6, 3.0 எல்லாம் இந்த மூன்று லிட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் அச்சாகப் பொருந்தின.

தண்ணீர் நின்ற பிறகு டயர் கேஜில் எண் வேகமாக ஏறியது. 1.0-இல் நிறுத்தினேன். 0.65-உம் 0.3-உம் சேர்த்தால் 0.95, அதை முழுமையாக்கினேன். வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் தடவினேன். பத்து விநாடிக்கு ஒரு முறை சின்னக் குமிழ் ஒன்று மெதுவாகப் பெருத்து உடைந்தது. குற்றவாளி அந்தச் சின்ன ஊசிதான். ரப்பர் வழியாகவே காற்று வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பது இயல்பு, ஆனால் இது அதைவிட வேகம். காற்றை எல்லாம் விட்டுவிட்டு, டயர் ஊசி கழற்றும் சாவியால் அதைக் கழற்றி, புது ஊசி போட்டு, மறுபடி முதலிலிருந்து மிதித்தேன். அடுத்த நாள் தொடை வலி. ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சியிருந்தால் திரை கிழிந்திருக்கிறது என்று பொருள். அப்போது பம்புக்கு வேலை இல்லை, டேங்கையே மாற்ற வேண்டும்.

வடிகுழாயை மூடி, இரண்டு வால்வையும் திறந்து, நிரப்புக் குழாயை மாட்டி 1.2-க்கு ஏற்றினேன். டேங்கின் காற்றைவிட 0.2 கூடுதல், ஆறிய நிலையிலும் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் சின்னக் கசிவுக்குத் தாங்கும். மாடியில் திருகைத் திறந்தேன். இந்த முறை காகிதம் படபடத்தது, அப்புறம் கையில் தண்ணீர். கீழே வந்து விட்டுப்போன அழுத்தத்தை மறுபடி ஏற்றினேன். 75 டிகிரியில் 2.0. காகிதத்தில் போட்ட கணக்கும் 2.0. ஒழுகலும் இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் ஆறிய அழுத்தம் 0.9-க்கு இறங்கியிருந்தது. டப்பாவில் கொஞ்சம் தண்ணீர். இப்போது 2.0-ஐத் தாண்டவே இல்லையே, பிறகு ஏன்? ஒரு வாரமாகத் தினமும் திறந்து மூடியதில் ரிலீஃப் வால்வின் ரப்பர் இருக்கையில் துரு மணல் ஏதோ உட்கார்ந்துவிட்டது. வால்வின் கைப்பிடிக் குமிழைத் திருகி வேகமாகத் தண்ணீர் விட்டால் சில சமயம் அது கழுவப்பட்டுப் போய்விடும். செய்தேன். இன்னும் அதிகமாக ஒழுகியது. ரிலீஃப் வால்வு விஷயத்தில் இதற்கு மேல் வித்தை காட்ட எனக்குத் துணிவில்லை. அதே 3 பார் அளவில் புதிது போட்டேன். ஒழுகும் குழாயின் வாயை மூடி போட்டு அடைத்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிக் காவலைக் கட்டிப்போடுவது போல அது. எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. எங்கள் வால்வு பாய்லரின் உறைக்கு வெளியே இருந்ததால் நானே மாற்றினேன். உறைக்குள், எரிவாயுப் பக்கம் இருந்திருந்தால் உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

இதற்காக மறுபடியும் மூடு, வடி, நிரப்பு. டேங்கில் கைவைத்த அன்றே ரிலீஃப் வால்வையும் மாற்றியிருக்கலாம்.

அந்த இரண்டாம் வடிப்பில் பழைய கேஜையும் கழற்றினேன். பின்புறத் துளையில் கறுப்புப் பசை, பல்பொடி குழைத்தது மாதிரி. ஊசியால் குத்தி எடுத்ததும் 1.5-இல் இருந்த முள் துள்ளி 0.2-க்கு வந்தது. பூஜ்யத்துக்கு வரவில்லை. சுத்தம் செய்து மாட்டலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், பிறகு புதிது போட்டேன். வடிகுழாயில் மாட்டும் தனி கேஜை மாதம் ஒரு முறை ஒப்புநோக்க வைத்திருக்கிறேன். எவ்வளவு புதுத் தண்ணீர் ஏற்றினேன் என்று கணக்கில்லாததால் துருத் தடுப்பு மருந்தையும் மறுபடி ஊற்றினேன்.

புதுக் கேஜில் வேறொன்றும் தெரிந்தது. தண்ணீரை ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடும் பம்பு ஓட ஆரம்பிக்கும் நொடியில் முள் ஒரு மயிரிழை ஏறுகிறது, நின்றதும் இறங்குகிறது. பழைய முள் இதையெல்லாம் சொன்னதே இல்லை. பம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் டேங்க் சேரும் இடத்தில் அழுத்தம் மாறாது. டேங்கில் தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோதான் மாறும். டேங்க் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் பம்பு தரும் அழுத்தம் மற்ற இடங்களில் எல்லாம் கூடுதலாகச் சேரும். தள்ளும் பக்கத்தில் இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, மேல்மாடித் திருகுகள் வழியாகக் காற்றை இழுக்கும் ஆபத்து உண்டு. எங்கள் வீட்டில் யாரோ யோசித்து உறிஞ்சும் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பாய்லர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: ஆறிய நிலை 1.2, 75 டிகிரியில் 2.0, டேங்கின் காற்று 1.0, உச்சி உயரம் 6.5 மீட்டர். அடுத்த முறை சிஸ்டத்தை முழுதாக வடிக்கும்போது டேங்குக்கு முன்னால் ஒரு அடைப்பு வால்வும் சின்ன வடிகுழாயும் போட வேண்டும். அது இருந்தால் டேங்கின் காற்றை வருடம் ஒரு முறை பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். கைப்பிடி இல்லாத, மூடியைக் கழற்றிச் சாவி போட்டால் மட்டுமே மூடக்கூடிய வகை வேண்டும். சாதாரண வால்வாக இருந்தால் யாராவது தெரியாமல் மூடிவிட்டுப் போவார்கள், மறுநாள் அந்த டப்பா மறுபடி வழியும்.